புகையிலைக் காளான் விதைகள் ஆய்வகத்தில் முளைக்கவில்லை: எங்கே தடைபடுகிறது?

கேள்வி: முதுநிலை மாணவி, உழவியல்

அனைவருக்கும் வணக்கம். நம் உழவர்கள் புகையிலைக் காளான் என்று அழைக்கும் ஒரோபாங்கி செர்னுவா என்ற பூக்கும் ஒட்டுண்ணிச் செடி (இது உண்மையான காளான் அன்று), புகையிலையின் வேரை ஒட்டி வளர்ந்து இலை எடையை எந்த அளவுக்குக் குறைக்கிறது என்பதைத் தொட்டிச் சோதனை மூலம் அளவிடுவதே என் ஆய்வின் நோக்கம். அதற்கு முன்பாக, சேகரித்த விதைகளுக்கு முளைப்புத்திறன் உண்டா என்பதை உறுதிசெய்ய வேண்டும். வேலை அந்தப் படியிலேயே நின்றுவிட்டது.

சென்ற பருவத்தின் இறுதியில், வேடசந்தூர்ப் பக்கம் ஒரு வயலில் காய்ந்து நின்ற கதிர்களிலிருந்து விதைகளை உதிர்த்தெடுத்தேன். அவற்றைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் தூய்மைசெய்து, கழுவி, ஈரமான கண்ணாடியிழை வடிதாளில் பரப்பி, பெட்ரி கிண்ணங்களை அலுமினியத் தாளால் சுற்றி ஆய்வக மேசையில் ஏறத்தாழ இரண்டு வாரம் வைத்தேன். பிறகு ஒரு தொகுதிக்கு ஜி.ஆர்.24 என்னும் செயற்கை முளைப்புத் தூண்டியையும், மற்றொரு தொகுதிக்குப் புகையிலை நாற்றுகளின் வேர்க்கசிவையும் இட்டேன். இரண்டிலும் முளைக்குழல் (விதையிலிருந்து நீளும் மெல்லிய முளை) எதுவும் தென்படவில்லை. விதைகள் உயிரற்றவையா, அல்லது அவற்றுக்குத் தேவையான ஏதோ ஒன்று கிடைக்கவில்லையா? தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: விதை உடலியல் ஆய்வாளர்

வணக்கம் அம்மா. விதைகளைக் குறை சொல்வதற்கு முன் அவற்றின் உயிர்ப்பைச் சோதித்துவிடுங்கள். ஒரு விழுக்காடு டெட்ராசோலியம் கரைசலில் சிறிதளவு விதையை ஊறவைத்து, இருட்டில் இளஞ்சூட்டில் சில நாள்கள் வைத்தால், உயிருள்ள விதையின் உட்பகுதி சிவக்கும். விதையுறை கருமையாக இருப்பதால் நிறம் தெரியாவிட்டால், ஹைப்போகுளோரைட்டில் சிறிது நேரம் வெளுத்துவிட்டுப் பாருங்கள்.

அடுத்து, "ஆய்வக மேசை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் குடும்பத்தின் விதைகள் தூண்டியை உணர்வதற்கு முன்னால், ஈரத்திலும் இருளிலும் மிதமான வெப்பத்திலும் சில நாள்கள் பக்குவப்பட வேண்டும். பெரும்பாலான இனங்களுக்கு 18 முதல் 23 டிகிரி செல்சியஸ் ஏற்றது. மேசையின் வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டியிருந்தால் பக்குவம் நிறைவடைந்திருக்காது. பக்குவக் காலத்தை மிகவும் நீட்டினாலும் விதைகள் இரண்டாம் உறக்கநிலைக்குப் போய்விடும் என்பதால், அதைத் தேவைக்கு மேல் நீட்ட வேண்டாம்.

ஜி.ஆர்.24-ஐ எதில் கரைத்தீர்கள், எங்கே வைத்திருந்தீர்கள்? வேர்க்கசிவு எடுத்த நாற்றுகளுக்கு என்ன ஊட்டம் கொடுத்தீர்கள்? இவ்விரண்டும் தெரிந்தால் மேலும் சொல்ல முடியும்.

மாணவி

நன்றி ஐயா. டெட்ராசோலியம் சோதனையில் பெரும்பாலான விதைகள் சிவந்தன. மேசை வெப்பநிலை பகலில் 32 டிகிரி வரை போகிறது. ஜி.ஆர்.24-ஐ நீரில் கலந்து குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தேன். நாற்றுகளை ஹோக்லாண்ட் என்னும் ஊட்டக் கரைசலில், முழுச் செறிவில் வளர்த்தேன்.

மறுமொழி: விதை உடலியல் ஆய்வாளர்

விதைகள் உயிருடன் இருப்பது தெரிந்துவிட்டது. உங்கள் இரண்டு தொகுதிகளும் வெவ்வேறு காரணங்களால் பலனளிக்காமல் போயிருக்கலாம். வெப்பம் மட்டும் இரண்டுக்கும் பொது.

ஜி.ஆர்.24 ஒரு ஸ்ட்ரைகோலாக்டோன், அதாவது செடிகளின் வேர் வெளிவிடும் முளைப்புத் தூண்டிகளின் வகையைச் சேர்ந்தது. இவ்வகைச் சேர்மங்கள் நீரில் மெல்லச் சிதையும். காரத்தன்மை உள்ள நீரில் விரைவாகவே சிதையும். ஆகவே மூலக்கரைசலை அசிட்டோனில் தயாரித்து உறைநிலைக்குக் கீழே, இயன்றால் மைனஸ் 20 டிகிரியில் வைத்து, பயன்படுத்தும் நாளன்று மட்டும் நீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மைக்ரோமோலார் அளவு தொடக்கத்துக்குப் போதும். தூண்டி சேர்க்காமல் அதே அளவு அசிட்டோன் மட்டும் இட்ட கட்டுப்பாட்டுக் கிண்ணமும் கட்டாயம் வேண்டும்.

வேர்க்கசிவின் கதை வேறு. முதல் ஸ்ட்ரைகோலாக்டோனான ஸ்ட்ரைகால் 1966-ல் பருத்தி வேர்க்கசிவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபோது, தன் எதிரியை எழுப்பும் பொருளை ஒரு பயிர் ஏன் வெளிவிட வேண்டும் என்பதற்கு விடை இல்லை. வேர்வாழ் பூஞ்சைகளைக் கிளைக்கச் செய்து தன்னிடம் அழைப்பதற்கே செடி இதை வெளிவிடுகிறது என்பது 2005-ல்தான் தெளிவாயிற்று. அந்தப் பூஞ்சைகள் செடிக்கு மணிச்சத்தை (பாஸ்பரஸ்) தேடிக் கொடுப்பவை. மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது அழைப்பும் குறைந்துவிடுகிறது. நீங்கள் முழுச் செறிவில் ஊட்டியதால், நாற்றுகளின் வேரிலிருந்து தூண்டி மிகக் குறைவாகவே வந்திருக்கும். புகையிலை இதைச் சுரக்கும் பயிர்தான். 2007-ல் சொலனகால் என்ற ஸ்ட்ரைகோலாக்டோன் அதன் கசிவிலேயே இனங்காணப்பட்டது. எனவே கசிவைச் சேகரிப்பதற்கு முன் சில நாள்கள் மணிச்சத்து இல்லாத கரைசலில் நாற்றுகளை வையுங்கள்.

மறுமொழி: வேடசந்தூர் வட்டார உழவர்

தங்கச்சி, ஆய்வகம் பற்றி ஐயா சொல்லிவிட்டார். வயல் பக்கத்திலிருந்து ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த விதை கண்ணுக்கே தெரியாத தூள். ஒரு செடியிலிருந்து இலட்சத்துக்கும் மேல் உதிரும். மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கிண்ணம் கழுவிய நீரையும் தொட்டி மண்ணையும் தயவுசெய்து வெளியே கொட்டாதீர்கள். ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலனில்) 121 டிகிரியில் வைத்து அழித்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். நாங்கள் பூப்பதற்கு முன்பே பிடுங்குகிறோம். பிடுங்கியதை வரப்பில் போட்டால் அங்கேயே விதை முற்றிவிடும் என்பதால் எரித்துவிடுகிறோம். எருக்குழியிலும் போடுவதில்லை. எள், உளுந்து, பாசிப்பயறு, சோளம் போன்றவற்றை இடையில் விதைத்தால் மண்ணிலுள்ள விதைகளில் ஒரு பகுதி ஏமாந்து முளைத்து, ஒட்ட வேர் கிடைக்காமல் மடிகிறது. ஒரே பருவத்தில் வயல் சுத்தமாகிவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

மாணவி

தங்கள் அறிவுரைப்படியே அனைத்தையும் அழிக்கிறேன், அண்ணா. குளிர்காப்பகத்தில் 22 டிகிரியில் பக்குவப்படுத்தி, புதிதாக நீர்த்த ஜி.ஆர்.24 இட்டதில் வெண்ணிற முளைக்குழல்கள் தெளிவாக வந்துள்ளன. அசிட்டோன் மட்டும் இட்ட கிண்ணத்தில் முளைப்பு இல்லை. மணிச்சத்து நிறுத்திய நாற்றுகளின் கசிவை அடுத்துச் சோதிக்கிறேன். தொட்டிச் சோதனையில் இழப்பை அளவிட, மண்ணுக்கு மேல் வரும் கதிர்களை எண்ணினால் போதுமா?

மறுமொழி: விதை உடலியல் ஆய்வாளர்

போதாது. முளைக்குழல் சில மில்லிமீட்டர்தான் நீளும். அதற்குள் வேரைத் தொட்டு உறிஞ்சுறுப்பால் பற்றிக்கொண்டவை மட்டுமே பிழைக்கும். அவையும் வாரக்கணக்கில் மண்ணுக்குள் இருந்து பயிரின் சர்க்கரையையும் நீரையும் இழுத்துக்கொண்ட பிறகே வெளியே தலைகாட்டும். வேரில் ஒட்டி முடிச்சுகளாக வளர்ந்து, இன்னும் வெளிவராத ஒட்டுண்ணிகள் இழப்பில் பெரும்பங்கு வகிக்கக்கூடும். ஆகவே விதைகளை மேல்மண்ணில் மட்டும் தூவாமல் வேர் பரவும் ஆழம் முழுவதும் சீராகக் கலந்து, வெவ்வேறு விதையளவுகளில் தொட்டிகளை அமையுங்கள். இடையிடையே ஒவ்வொரு அளவிலிருந்தும் சில தொட்டிகளைக் கலைத்து, வேரைக் கழுவி, ஒட்டிய முடிச்சுகளை எண்ணி, அதே செடியின் இலை எடையோடு சேர்த்துப் பதியுங்கள். எல்லாத் தொட்டிகளுக்கும் உரம் ஒரே அளவில் இருக்கட்டும். இல்லையேல் மணிச்சத்தின் விளைவையும் ஒட்டுண்ணியின் விளைவையும் பிரித்தறிய இயலாது.