கமெண்ட்ரியில் பெண் குரல் வந்தப்போ உங்க வீட்ல என்ன நடந்துச்சு?

ஃபைன்லெக்:
எங்க வீட்ல நடந்ததை முதல்ல சொல்லிடறேன். 2015 ஐபிஎல். அஞ்சும் சோப்ரா, ஈசா குஹா, லிசா ஸ்தலேகர், மெல் ஜோன்ஸ்னு நாலு முன்னாள் வீராங்கனைகளை அந்த சீசன்ல கமெண்ட்ரிக்கு உட்கார வெச்சாங்க. அப்பாவுக்கு அது பெரிய அவஸ்தையாப் போச்சு. பெண் குரல் வந்தா ம்யூட். ஆம்பளைக் குரல் திரும்பிடுச்சான்னு பார்க்க அப்பப்போ சத்தத்தைத் திறந்து பார்ப்பார். இதுக்காகவே ரிமோட் அவர் தொடைக்கு அடியில இருக்கும்.

ஒரு நாள் அஞ்சும் சோப்ரா பேசிட்டிருக்கும்போது ம்யூட். ஸ்பின்னர் போட்ட பந்து பேடுல பட்டுச்சு, மொத்த டீமும் அப்பீல் (சத்தமே இல்லாம பதினோரு பேர் வாயைப் பிளக்கறதைப் பார்க்கணுமே!). அம்பயர் அசையல. "ஏன்டா குடுக்கல? நேரா ஸ்டம்புக்குத்தானே போகுது?" எனக்கும் புரியல. "சத்தத்தை வைங்கப்பா"ன்னேன். வெச்சார். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளிய பிட்ச் ஆயிருக்கு, அப்புறம் எங்க போனாலும் எல்பிடபிள்யூ அவுட் கிடையாதுன்னு ரெண்டே வரியில முடிச்சிட்டாங்க. அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "ம்... சரியாத்தான் சொல்லுது அந்தப் பொண்ணு."

சொல்லுது! சாஸ்திரி சொல்றார், கவாஸ்கர் சொல்றார். 127 ஒருநாள் ஆட்டம் ஆடின, அப்போ நாற்பதைத் தொடப்போன முன்னாள் இந்திய கேப்டன் மட்டும் "சொல்லுது". இதைப் பிடிச்சது என் தங்கச்சிதான். எனக்கு உறைக்கவே இல்ல, ஏன்னா நானும் அப்படித்தான் பேசிட்டிருந்திருக்கேன்.

உங்க கதையைப் போடுங்க.

மைக் டெஸ்டிங்:
நான் மைக்குக்குப் பின்னாடி நின்னவ. பி.டி. டீச்சர். எங்க ஊர் பொங்கல் கபடிப் போட்டியில வருஷா வருஷம் எனக்கு மைக் குடுப்பாங்க, நன்கொடை குடுத்தவங்க பேரை வாசிக்க. ஒரு வருஷம், வழக்கமா வர்ணனை பண்ற அண்ணனுக்கு மதியத்துக்கு மேல தொண்டை கட்டிக்கிச்சு. வேற ஆள் இல்லாம மைக் என் கைக்கு வந்துச்சு.

முதல் ரெய்டு முடியறதுக்குள்ள கூட்டத்துலேர்ந்து ஒரு சத்தம்: "டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுக்காதீங்க!" எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான். செமி ஃபைனல்ல ஒரு தப்பு பண்ணினேன். எதிர் டீம்ல அஞ்சு பேர்தான் நிக்கறாங்க. ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வெச்சதும் "போனஸ்!"னு கத்திட்டேன். ஆறு பேராவது நின்னாத்தான் போனஸ். இதைப் பசங்களுக்கு வருஷக்கணக்காச் சொல்லிக்குடுக்கறவ நான். அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஒவ்வொரு ரெய்டுக்கும் "போனஸ்... போனஸ்..."னு விசில். காலையில அந்த அண்ணன் ரெண்டு டீம் பேரையும் மாத்தி மாத்திச் சொல்லிட்டிருந்தார். ஒருத்தர் மேடையேறிப் போய், "அண்ணே, மாத்திச் சொல்றீங்க"ன்னு காதோட சொல்லிட்டு வந்தார். எனக்குக் காதோட சொல்ல யாரும் வரல.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு பெரியவர் கிட்ட வந்தார். "குரல் நல்லாருக்கும்மா. சாமி பாட்டு பாடுவீங்களா?"

மர்ஃபி ரேடியோ:
வர்ணனை பண்றவங்களை எடை போடறது நமக்குப் புதுசில்லை. அந்தக் காலத்தில் சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடந்தால் தெருவே ரேடியோவில் தமிழ் வர்ணனை கேட்கும். அப்துல் ஜப்பார் பேசினால் ஆட்டம் தெரியாதவர்கள்கூட அந்தத் தமிழுக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஸ்கோர் சொல்ல மறந்தவரைத் திட்டுவோம், ஆனால் அந்தத் திட்டு அந்த ஓவரோடு போய்விடும். இன்னொன்று, பெண் குரல் நேற்று வந்ததில்லை. இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன் சி.கே. நாயுடுவின் மகள் சந்திரா நாயுடு 1977லேயே இந்தூரில் வர்ணனை செய்திருக்கிறார்.

ஸில்லி பாயிண்ட்:
கொஞ்சம் எதிர்த்துப் பேசலாமா? பெண்ணா இருந்தா குறையே சொல்லக்கூடாதா? 2024 டிசம்பர், பிரிஸ்பேன் டெஸ்ட். பும்ராவை ஈசா குஹா 'மோஸ்ட் வேல்யுபிள் ப்ரைமேட்'னு சொன்னாங்க. குரங்கினத்தைக் குறிக்கிற சொல், அதுவும் ஆஸ்திரேலியாவுல. 2008 சிட்னி டெஸ்ட்ல ஹர்பஜன் சைமண்ட்ஸைக் குரங்குன்னு சொன்னதா எழுந்த சண்டை ஞாபகம் இருக்கற யாருக்கும் சுருக்குனு இருக்கும். பாராட்டத்தான் சொன்னாங்க, மறுநாள் நேரலையிலேயே மன்னிப்பும் கேட்டாங்க, பக்கத்துல இருந்த சாஸ்திரி அந்தத் துணிச்சலை மெச்சினார். எல்லாம் சரி. கோபம் வந்தது நியாயம்னுதான் இப்பவும் சொல்வேன்.

ஆனா இந்த இழையைப் படிச்சிட்டு எங்க வாட்ஸ்அப் குரூப்ல அந்த நாளைத் தேடிப் பார்த்தேன். முதல்ல பேச்சு அந்தச் சொல்லைப் பத்தி. கொஞ்ச நேரத்துல, 'பொம்பளைங்க கையில மைக்கைக் குடுத்தா இப்படித்தான்'. எழுதினது நான் இல்ல. கட்டைவிரல் போட்டது நான். 2021ல நம்ம விக்கெட் கீப்பர் தினேஷ் கார்த்திக், பேட்டெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் பொண்டாட்டி மாதிரின்னு கமெண்ட்ரியில சொல்லி, அவரும் மன்னிப்பு கேட்டார். அம்மாவும் மனைவியும் திட்டினதா அவரே சொன்னார். அன்னிக்கு அதே குரூப்ல சிரிப்பு எமோஜிதான். விக்கெட் கீப்பருங்க கையில மைக்கைக் குடுத்தா இப்படித்தான்னு யாரும் எழுதல.

ஃபைன்லெக்:
அந்தக் கட்டைவிரலை ஒத்துக்கிட்டதுக்கு ஒரு கும்பிடு. வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே முதல்தர கிரிக்கெட் ஆடினதில்ல. 2019 கொல்கத்தா பிங்க் பால் டெஸ்ட்ல, கூட வர்ணனை பண்ணின முன்னாள் வீரர் மஞ்ச்ரேகர் அதைக் குத்திக் காட்டினப்போ நாம அத்தனை பேரும் ஹர்ஷா பக்கம்தான் நின்னோம். அதே நாமதான் அஞ்சும் சோப்ரா வாயைத் திறந்தா "இதுக்கு என்ன தெரியும்?"

டீச்சர், இப்பவும் மைக் பிடிக்கறீங்களா?

மைக் டெஸ்டிங்:
இந்த வருஷ நோட்டீஸ் வந்துடுச்சு சார். வர்ணனை, அதே அண்ணன். கடைசி வரியில, நன்றியுரை: பி.டி. டீச்சர். பேர்கூடப் போடல. அண்ணனுக்குத் தொண்டை எப்படியிருக்குன்னு விசாரிச்சேன். நல்லாருக்காம்.