போர்க்காலத் தேர்தலும் கள்ள வாக்குப் பயமும்: கண்டதையும் பட்டதையும் எழுதுங்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர், வலிகாமம்

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்து வாக்களிப்பு நிலையம் ஒன்றில் கடமை செய்தேன். ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தென்மராட்சிச் சனம் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அகதியாகக் கிடந்த நேரம். அப்படி ஒரு நேரத்தில் தேர்தல்.

காலையில் வெறும் பெட்டியைக் கட்சி முகவர்களுக்குத் திறந்து காட்டி, மூடி முத்திரை வைத்தோம். எல்லாக் கட்சிக்கும் கதிரை போட்டிருந்தது. பாதிக் கதிரையில் ஆளில்லை. முகவராக வந்து உட்கார்ந்தால் பின்னேரம் வீடு போய்ச் சேரலாமா என்ற பயம் அவர்களுக்கு. சனம் பெட்டியைப் பற்றித்தான் பயந்தது: மாற்றிவிடுவார்கள், நிரப்பிவிடுவார்கள் என்று. எனக்கு வாக்காளர் பெயர்ப் பட்டியலான இடாப்பைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. ஒரு வீட்டு இலக்கத்துக்குக் கீழே ஆறு பெயர். அந்த வீட்டை எனக்குத் தெரியும். அதில் மிஞ்சியிருந்தது ஒரு கிழவி. மற்றவர்கள் கனடாவிலும் லண்டனிலும், ஒருவர் சுடலையிலும். 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமமே எழும்பி நடந்ததே, அப்போது வன்னிக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களும் அப்படியே கிடந்தன. வீடுவீடாகக் கணக்கெடுக்க முடியாத வருடங்களில் பழைய இடாப்பைத்தான் வைத்து நடத்தினார்கள். உரியவர் வரமாட்டார் என்று தெரிந்த பெயர்கள் அத்தனையும் கள்ள வாக்குக்காரனுக்கு வசதி.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பெரியவர் வந்தார். பெயரை வாசித்த எழுத்தர் இடாப்பைப் பார்த்துவிட்டு, “ஐயா, உங்கட பேருக்குப் போட்டாச்சு” என்றார். பெரியவர் இடது கைச் சின்ன விரலை நீட்டினார். மை இல்லை. “பார் தம்பி, நான் எங்க போட்டனான்?”

இப்படி வந்தால் சட்டத்தில் ஒரு வழி உண்டு. அவரைப் பிரகடனம் பண்ணவைத்து, வேறு ஒரு சீட்டைக் கொடுத்து, அடையாளமிட்ட பிறகு பெட்டியில் போடாமல் தனி உறையில் வைக்கவேண்டும். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “இது எண்ணுப்படுமோ மாஸ்ரர்?” வழக்கு என்று ஒன்று வந்தால் நீதிமன்றம் பார்க்கும் என்றேன். “வழக்கு ஆர் போடுறது?” என்றார். ஆனாலும் நின்று, ஆறுதலாக அடையாளமிட்டு, மடித்துத் தந்துவிட்டுத்தான் போனார். அவரை இன்றுவரை மதிக்கிறேன்.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். எந்த இயக்கம், எந்தக் கட்சி என்று பெயர் போட வேண்டாம். நடந்தது என்ன என்பது போதும்.

கரவெட்டிப் பிள்ளை

மாஸ்ரர், எங்கட வீட்டில நடந்ததைச் சொல்லுறன். அதே தேர்தல்தான். முதல்நாள் பின்னேரம் மோட்டார் சைக்கிளில ரெண்டு பேர் வந்தினம். துவக்கு வெளியில தெரியேல்ல, ஆனா இருக்கெண்டு எங்களுக்குத் தெரியும். “அம்மா, வாக்காளர் அட்டை எல்லாத்தையும் எடுத்தாங்கோ, பதிஞ்சிட்டுத் தாறம்” எண்டு நல்ல மரியாதையாத்தான் கேட்டவை. எங்கட வீட்டுக்கு அஞ்சு அட்டை வந்தது. இருக்கிறது நானும் அம்மாவும். மிச்சம் அப்பாவின்ரயும் ரெண்டு அண்ணாவையின்ரயும். அப்பா செத்துக் கன காலம். அண்ணாவை சுவிஸில.

அம்மா எங்கட ரெண்டு அட்டையை மட்டும் நீட்டினா. மற்றது எங்கை எண்டு கேட்க, தபால்காரர் அவ்வளவும்தான் தந்தவர் எண்டு சொன்னா. அவை போன உடனை அண்ணாவையின்ர அட்டையைத் துண்டு துண்டாக் கிழிச்சுக் கிணத்தடியில எரிச்சா.

அம்மாவுக்கு இருந்த பயம் கட்சி வெல்லுறதைப் பற்றி இல்லை. சின்னண்ணாவுக்கு அப்ப அகதி வழக்கு முடியேல்ல. யாழ்ப்பாணத்தில இருந்தா உயிருக்கு ஆபத்தெண்டு அங்க சொல்லிப்போட்டு இருக்கிறான். இங்க ஆரோ அவன்ர பேரில வாக்குப் போட, அவன் ஊரில நிண்டு வாக்களிச்சவன் எண்டு அரசாங்கக் கடதாசியில ஏறினா என்ன ஆகும்? அதை அந்த நாட்டுக்காரர் பார்த்தா? இரவிரவா அதைத்தான் கதைச்சுக்கொண்டிருந்தா. அப்படி ஆரும் தேடிப் பார்க்கமாட்டினம் எண்டு இப்ப சொல்லலாம். அண்டைக்கு எங்களுக்கு ஆர் சொல்லித்தாறது?

எங்கட அட்டை திரும்பி வரேல்ல. அட்டை இல்லாட்டியும் இடாப்பில பேர் இருந்தா வாக்களிக்கலாம் எண்டு ஒரு ரீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போனன், போட்டன். அம்மா வரேல்ல. அவவின்ர வாக்கை ஆரும் போட்டினமோ எண்டு கேட்கவும் துணியேல்ல.

நல்லூரான்

முறைப்பாடு ஏன் செய்யவில்லை என்று சில பேர் கேட்பார்கள். அட்டை வாங்கிப்போனவனும் முறைப்பாட்டை எழுதவேண்டியவனும் ஒரே காவலரணில் நின்று தேத்தண்ணி குடிப்பதை நாங்கள் தினமும் பார்த்தோம். அதுதான் காரணம்.

வவுனியா வடக்கு

நீங்கள் எழுதுவதற்கு மறுபக்கம் ஒன்றிருக்கிறது. 2001 டிசம்பர் 5. நாங்கள் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்த ஆட்கள். எங்களுக்கான வாக்களிப்பு நிலையங்கள் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதியில். சோதனைச்சாவடியைக் கடந்து போய்த்தான் போட வேண்டும். விடியற்காலையிலேயே கைக்குழந்தைகளோடும் வந்து வரிசையில் நின்றோம். கையில் அட்டை, தேசிய அடையாள அட்டை எல்லாம் இருந்தது.

பாதை திறக்கப்படவில்லை. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். எங்களோடு சேர்ந்து புலிகள் உள்ளே வந்துவிடுவார்கள், எங்கள் பெயரில் வேறு ஆட்கள் வந்து போடுவார்கள் என்ற கதை வரிசையிலேயே ஓடியது. மட்டக்களப்புப் பக்கமும் அப்படித்தான் மறித்தார்கள் என்று பிறகு அறிந்தோம். வெயில் ஏறியது. பின்னேரம் நான்கு மணிக்கு வாக்களிப்பு முடிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று மணிக்குப் பிறகும் யாரும் கலையவில்லை. எனக்கு அது முதல் வாக்கு.

ஒவ்வொருவராகச் சோதித்து விடட்டும், படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும், உடுப்பைக் களைந்து பார்க்கட்டும். அதற்கு நாங்கள் பழகிப்போனவர்கள். ஒரு சிலர் பொய்யாக வரக்கூடும் என்று அத்தனை பேரையும் மறித்ததை என்னால் ஏற்க முடியாது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெரியவரின் வாக்கைத் திருடினார்கள் என்று மாஸ்ரர் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கம் ஊர் ஊராகப் போனது.

வாவிக்கரை

மட்டக்களப்பிலிருந்து. 2004 ஏப்ரல் 2ஆம் திகதித் தேர்தலில் உள்ளூர்க் கண்காணிப்பாளராக நின்றேன். மார்ச்சில் புலிகள் இயக்கம் கிழக்கு, வடக்கு என்று பிளந்துவிட்டது. வாக்களிப்புக்கு மூன்று நாளைக்கு முன் ஒரு வேட்பாளரைச் சுட்டுக் கொன்றார்கள். யார் யாருக்கு எதிரி என்றே தெரியாமல் சனம் வரிசையில் நின்றது. வன்னிக்காரத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 2001இல் மறித்தது பெரிய அநியாயம் என்பதால்தான் 2004இல் கட்டுப்பாட்டு எல்லைக்கு அண்மையில் பல ஊர் வாக்களிப்பு நிலையங்களை ஓரிடத்தில் சேர்த்த கொத்தணி நிலையங்கள் வைத்து, பஸ்ஸில் ஆட்களைக் கொண்டுவந்து போடவைத்தார்கள். வழி திறந்தது நல்லது. ஆனால் அந்த வழியால் வந்தவற்றையும் நான் பார்த்தேன்.

மீசை அரும்பாத ஒரு பொடியன் வந்து ஒரு பெயரைச் சொன்னான். இடாப்பில் அந்தப் பெயரோடு பெண்சாதியின் பெயரும் வளர்ந்த பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. பொறுப்பதிகாரி அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முகவர்களைப் பார்த்தார். யாராவது எதிர்த்தால் அவர் கேள்வி கேட்டுப் பிரகடனம் வாங்கலாம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடையாள அட்டை காட்டியே ஆகவேண்டும் என்ற சட்டம் அந்தத் தேர்தலுக்குப் பிறகுதான் வந்தது. சீட்டுக் கொடுத்தார்கள். அவன் கை நடுங்கியது. அவனும் விரும்பி வந்தவன் இல்லை என்று எனக்குப் பட்டது.

மை விடயமும் அப்படித்தான். ஒரு பிள்ளையின் விரல் நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்திருந்தது, எதையோ போட்டுத் தேய்த்த மாதிரி. “என்ன புள்ள விரலுக்கு?” என்று கேட்டேன். “கத்தி வெட்டிட்டு” என்றாள். நான் பார்த்ததை எழுதிக் கொடுத்தேன். ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்புக் குழுவின் அறிக்கை அந்த முறை வடக்கு கிழக்கைப் பற்றி மிகக் கடுமையாகவே இருந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 22 ஆசனங்களை எடுத்த தேர்தல் அது. சனத்தின் பெரும்பகுதி மனதார அவர்களுக்குத்தான் போட்டது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்படியிருக்க, அந்தப் பொடியனைக் கொண்டுவந்து நிறுத்தியது யாருக்கு என்ன தேவைக்காக? நேர்மையாகக் கிடைத்த வாக்கின்மேலும் சேறு பூசியதுதான் மிச்சம். இந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கரவெட்டிப் பிள்ளை

அடுத்த வருசம் எல்லாம் தலைகீழ். 2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில தமிழ்ச் சனத்துக்கு அக்கறை இல்லை எண்டு அறிவிப்பு வந்தது. விரலில மை இருந்தாலே பயம். யாழ்ப்பாண மாவட்டத்தில பதிவு 7 இலட்சத்து 1,938 பேர், போட்டது 8,524 பேர். கிளிநொச்சியில விழுந்தது ஒரேயொரு வாக்கு. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில இருந்தது 1 இலட்சத்து 80 ஆயிரம் சொச்சம் வாக்குத்தான். நான் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டில இருந்தன். போக விருப்பம் இருந்தது.

எருக்கலம்பிட்டியான்

எங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பள்ளிக்கூட வயது. மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு வந்தோம். வாப்பா மன்னார் இடாப்பிலேயே பெயரை வைத்திருந்தார். அந்தப் பெயரை எடுத்துவிட்டால் ஊர் போய்விடும் என்பது அவர் எண்ணம். புத்தளத்தில் இடம்பெயர்ந்தோருக்கென வைத்த நிலையத்தில் மன்னாருக்கு வாக்குப் போடுவோம்.

ஒவ்வொரு தேர்தலிலும் அந்த வாக்குகள்மேல் சந்தேகம். ஊரில் இல்லாதவர்கள் எப்படி ஊருக்குப் போடலாம், ஒருவர் இரண்டு இடத்தில் போடுகிறார், இது கள்ள வாக்கு என்று பேச்சு. இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் சிலர் இருந்திருக்கலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வாப்பா தன் விருப்பத்துக்கு ஊரை விட்டவர் இல்லை. போர் முடிந்து பத்து வருடத்துக்குப் பிறகும், 2019 நவம்பரில் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ்களை அனுராதபுர மாவட்டத்தில் மறித்துச் சுட்டார்கள், கல்லெறிந்தார்கள். என் தங்கச்சி அன்று போகவிருந்தவள். உம்மா விடவில்லை.

மாஸ்ரர் இடாப்பைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். சுத்தம் செய்பவரின் கையில் எங்கள் பெயரும் அகப்படும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வலிகாமம்

தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். செத்தவரின் பெயரும் துரத்தப்பட்டவரின் பெயரும் ஒன்றல்ல. இடாப்பில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அதைப் பிரித்து அறிய வீட்டுக்கு வீடு போகிற விதானையார் (கிராம அலுவலர்) வேண்டும், அவர் பயமின்றி எழுத வேண்டும். போர் முடிந்த பிறகுதான் அது நடந்தது. 2010இல் 7 இலட்சத்தைத் தாண்டியிருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்ட இடாப்பு 2015இல் 5 இலட்சத்து 30 ஆயிரத்துக்குக் கீழே வந்தது. அதோடு ஒன்பது ஆசனம் ஏழாயிற்று. அதற்காகவும் சனம் மனம் நொந்தது. எனக்கும் நோகத்தான் செய்தது. ஆனாலும் ஆளில்லாத பெயர்களை வைத்து ஆசனம் காப்பதைவிட இது மேல்.

கச்சேரிப் பழைய எழுத்தர்

வாக்கெண்ணும் இடத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எந்தத் தேர்தல், எந்தத் தொகுதி என்று கேட்க வேண்டாம். பெட்டியைக் கவிழ்த்தால் சீட்டுகள் குழம்பி விழ வேண்டும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக மடித்திருப்பார்கள். ஒரு பெட்டியில் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த சீட்டுக்கட்டு அப்படியே விழுந்தது. எல்லாவற்றிலும் புள்ளடி ஒரே கையெழுத்து, வேட்பாளர்களுக்கான விருப்பு இலக்கங்களும் அதே மூன்று. மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்தோம். மேலதிகாரியிடம் காட்டினேன். சீட்டின் பின்புறம் உத்தியோக முத்திரை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அடையாளம் தெளிவாக இருக்கிறதா என்றார். இருந்தது. அப்படியென்றால் நிராகரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, எண்ணுங்கள் என்றார். எண்ணினோம்.