புதுப்பிப்பு: சிறுநீரகக் கல்லுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால் விந்தணு பாதிக்குமா?

குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கும் நேரத்தில் வயிற்றுக்கு சி.டி. எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எடுத்துவிட்டேன். "கல்லைப் பார்க்க குறைந்த கதிர்வீச்சு சி.டி. போதுமா என்று கேளுங்கள்" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் உதவியது. கேட்டதும் சரி என்று மாற்றிக்கொடுத்தார்கள், நான் கேட்காமல் விட்டிருந்தால் வழக்கமான ஸ்கேன்தான். விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையவே விரையில் சுமார் 150 மில்லிகிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) படவேண்டுமாம், நிரந்தர மலட்டுத்தன்மைக்கு 3,500-க்கு மேல். ஒரு சி.டி. அதற்கு வெகு கீழே. அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. இரண்டிலும் இந்தக் கதிர்வீச்சே கிடையாது.

விரையில் கதிர்வீச்சு படாமல் மறைக்க ஈயக் கவசம் கேட்டேன், தரவில்லை. கோபம்தான் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, கவசம் ஸ்கேன் எல்லைக்குள் வந்துவிட்டால் கருவி தானாகவே கதிர்வீச்சைக் கூட்டிவிடக்கூடும், அதனால் 2019-லேயே அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் வழக்கமாகக் கவசம் போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது.

எதிர்பாராத விஷயம் ஒன்று. அவசரப்பட்டு ஒன்றரை மாதத்தில் விந்துப் பரிசோதனை செய்தேன், எண்ணிக்கை குறைவு, ஸ்கேன்தான் காரணம் என்று இரண்டு நாள் தூங்கவில்லை. ஆனால் இடையில் எனக்கு நான்கு நாள் கடும் காய்ச்சல் இருந்தது, மருத்துவர் அதைத்தான் சந்தேகப்பட்டார். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தோம். எல்லாம் இயல்பு.

கல் தானாகவே வெளியேறிவிட்டது.