பொருள்: வஸ்குலர் டிமென்சியாவுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும்

கல்லடியிலிருந்து:
முதியோர் கிளினிக்கில் கொடுக்கும் துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அடைபட்டோ ஒடுங்கியோ மூளைத்திறன் குறையும் நோய். அல்சைமருக்கு அடுத்தபடி அதிகம் காண்பது. தமிழ்நாட்டில் 'இரத்தநாள மறதிநோய்' என்று எழுதுகிறார்கள். அதையே போடலாமா?

காத்தான்குடியிலிருந்து:
தங்கச்சி, போடாதீங்க. நம் இலங்கை விஞ்ஞானப் பாடத்தில் நாடி வேறு, நாளம் வேறு. நாடி இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது. நாளம் இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருவது. அங்கே தமனி, சிரை என்பதால் நாளம் பொதுச்சொல்லாக நிற்கிறது. இங்கே சாதாரண தரம் படித்த பிள்ளை நோயை நாளத்தில் தேடும். மூளையில் பெரும்பாலும் அடைபடுவதோ நாடி. 'குருதிக்கலன் மறவி' என்பேன். குறள் 605 'நெடுநீர் மறவி' என்று தொடங்கிக் 'காமக் கலன்' என்று முடிகிறது. மறவியும் கலனும் ஒரே குறளில்! சோறு கொள்வதும் கலம், கடலில் ஆளைக் கொள்வதும் கலம், குருதி கொள்வதும் கலன்.

கல்முனையிலிருந்து:
சேர், அந்தக் குறள் மறவியைச் சோம்பலோடு சேர்த்துக் கெடுபவர்களின் இயல்பாக வைக்கிறது. நோயாளிக்கு அந்தப் பெயரா? மறதி என்பதும் இங்கே பொருந்தவில்லை. இந்த வகையில் தொடக்கத்தில் ஞாபகம் ஓரளவு நிற்கும். யோசனைதான் மந்தமாகும், ஒரு வேலையை ஒழுங்குபடுத்திச் செய்ய வராது. ஒரு ஐயாவிடம் மணிக்கூடு வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னேன். பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் பிழையின்றிச் சொன்னவர், பன்னிரண்டு இலக்கங்களையும் வட்டத்தின் ஒரு பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டு, முள்ளை எங்கே போடுவது என்று தெரியாமல் பென்சிலோடு இருந்தார். 'மறதி' என்று அச்சடித்தால், "அப்பாவுக்கு மறதி இல்லையே" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். பிரசர், சீனி, முன்பு வந்த பாரிசவாதம் எல்லாம் விசாரித்து, தைரொயிட், பி12 பார்த்து, சீ.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துத்தான் முடிவுக்கு வருகிறோம். 'குருதிக்கலன்சார் அறிதிறன் குறைவு' சரியாக இருக்கும்.

திருக்கோவிலிலிருந்து:
டொக்டர் தம்பி, அது எங்கட அம்மாமாருக்கு விளங்காது. வயது போய்ப் புத்தி தடுமாறினால் ஊரில் 'அறளை பேந்திட்டு' என்கிறோமே. ஆற்றுநீரின் 'அறல்' இதற்கு வேர் என்பது என் எண்ணம்; அறிவு அரிபட்டு ஓடுவது.

காத்தான்குடியிலிருந்து:
லகரம் ளகரமானதற்கு என்ன சான்று? 'அரளுதல்' என்று மிரட்சியைச் சொல்லும் வினையையும் பாருங்கள்.

கல்லடியிலிருந்து:
வேர் எதுவானாலும் அறளை ஏச்சாகத்தான் விழுகிறது. மாமியை வைத்துக்கொண்டு எந்த மருமகளும் அதை உரத்து வாசிக்க மாட்டா. நேரமும் இல்லை. தலைப்பில் 'இரத்தக்குழாய்ப் பாதிப்பால் வரும் மூளைத்திறன் குறைவு'. அதன் கீழே தமிழ் எழுத்தில் வஸ்குலர் டிமென்சியா, கிளினிக்கில் அவர்கள் காதில் விழுவது அதுதான் என்பதால். கல்முனையும் திருக்கோவிலும் சம்மதம்.

காத்தான்குடியிலிருந்து:
மறவியை விட்டுவிடுகிறேன். கலனை விடமாட்டேன். ஐந்து சொல்லில் ஒரு விளக்கம் வந்திருக்கிறது, கலைச்சொல் வரவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன்.