பென்னியும் ஸ்டெப்னியும்: தெரிந்த வார்த்தையில் முழித்த கதைகள்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் பேச்சுக்கு 7 வாங்கித்தான் இங்கிலாந்துக்கு நர்சாக வந்தேன். அந்த மதிப்பெண்ணை நம்பி வார்டுக்குள் போனவள், முதல் வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

யார்க்‌ஷயரில் ஒரு மருத்துவமனை. எண்பது தாண்டிய பாட்டி ஒருவர் நடுராத்திரியில் பெல் அடித்தார். "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி, லவ்" என்றார். ஸ்பெண்ட் என்றால் செலவழிப்பது, தெரியும்; பென்னி என்றால் சில்லறைக் காசு, அதுவும் தெரியும். சரி, ஏதோ வாங்க வேண்டும் போல என்று நினைத்து, "கடை காலையில்தான் திறப்பார்கள், விடியட்டும்" என்றேன். பாட்டியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்தான் சிரித்துக்கொண்டே "டாய்லெட், டாய்லெட்" என்று கத்தினார். கமோடு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். நல்ல வேளை, படுக்கை நனையவில்லை.

அந்தக் காலத்துப் பொதுக் கழிப்பறைக் கதவுப் பூட்டில் ஒரு பென்னி போட்டால்தான் திறக்குமாம். 1971-இல் பழைய பென்னியே போய்விட்டது. பேச்சு மட்டும் வயதானவர்கள் வாயில் இருக்கிறது.

அப்புறம் 'டீ'. சாயங்காலம் "ஹேவ் யூ ஹேட் யுவர் டீ?" என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் கேட்டால் அது தேநீர் இல்லை, சாப்பாடு. "ஐ ஃபீல் பூர்லி" என்றால் உடம்பு சரியில்லை. 'ஃபன்னி டர்ன்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிடாதீர்கள், திடீரென்று தலை சுற்றியதைச் சொல்கிறார். நான் சிரித்திருக்கிறேன்.

உங்களிடம் மாட்டிய வார்த்தைகளையும் சொல்லுங்கள்.

* * *

அக்கா, என் கதை தலைகீழ். சென்னையில் டாக்சி ஓட்டுகிறேன். மகாபலிபுரம் போகிற வழியில் டயர் பஞ்சர். பின் சீட்டில் லண்டன்காரர் ஒருவர். "நோ பிராப்ளம் சார், ஸ்டெப்னி இன் டிக்கி" என்றேன். மனுஷன் திருதிருவென்று முழித்தார். அவருக்கு ஸ்டெப்னி என்றால் லண்டனில் ஒரு பேட்டை. டிக்கியும் புரியவில்லை, அவர்கள் அதை 'பூட்' என்பார்களாம். திறந்து சக்கரத்தைக் காட்டிய பிறகுதான் "ஓ, ஸ்பேர் வீல்!" என்றார்.

ராத்திரி மகளைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். 1904 வாக்கில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்கிற ஊரில், ஸ்டெப்னி தெருவில் செய்து விற்ற மாற்றுச் சக்கரத்தின் பெயராம் அது. அவர்கள் ஊர் வார்த்தைதான்! சாரிடம் சொல்லலாமென்றால் நம்பர் வாங்கி வைக்கவில்லை.