புள்ளடி எங்க மாறினது? உங்களுக்கு நடந்த ஒண்டைச் சொல்லுங்கோ

கோண்டாவில் கிணத்தடி:

2015இல 207,577. 2020இல 112,967. 2024 நவம்பர் 14இல 63,327. பாராளுமன்றத் தேர்தலுகளில யாழ் தேர்தல் மாவட்டத்தில தமிழரசின்ர வீட்டுச் சின்னத்துக்கு விழுந்த வோட். தெற்குக் கட்சி, தேசிய மக்கள் சக்தியின்ர திசைகாட்டிக்கு 80,830, ஆறில மூண்டு ஆசனம். ஏன் எதுக்கு எண்டு ரீவியில எல்லாரும் கதைச்சு முடிச்சிட்டினம், அது எனக்கு வேண்டாம். உங்கட படலையில, சந்தியில, கூட்டத்தில நடந்த ஒண்டைச் சொல்லுங்கோ. வந்த ஆளின்ர பேரும் வேண்டாம், அவற்ற கட்சியும் வேண்டாம். பிறகு வழக்குப் பேச எனக்கு நேரமில்லை.

என்ர கதை. செப்டம்பர், ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு கிழமை முந்தி. காலமை ஒருத்தர் வந்து சஜித்தின்ர ரெலிபோன் சின்னத்துக்குப் போடச் சொல்லி நோட்டீஸ் தந்திட்டுப் போனார். பின்னேரம் இன்னொருத்தர் வந்தார், தமிழ்ப் பொது வேட்பாளரின்ர சங்குக்குப் போடட்டாம். இரண்டு பேரும் 2020இல ஒரே மோட்டச்சைக்கிளில எங்கட ஒழுங்கைக்கு வந்தவை. முன்னுக்கு இவர், பின்னுக்கு அவர். அப்பாவுக்கு 81 வயசு. இரண்டு நோட்டீசையும் மடியில வைச்சுக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப மோட்டச்சைக்கிள் இப்ப ஆரிட்டை?"

நவம்பரில அவர் வோட் போடப் போகேல்லை. முழங்கால் நோவாம். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, நல்லூருக்கு நடந்து போட்டு வந்தார்.


மயிலிட்டிக் கரை:

வலை. வேற என்ன.

இழுவைமடி றோலர் படகு வந்து போன விடியக்காலமை. பாய்ச்சின வலையில அரைவாசி கடலோட போட்டுது, மிச்சம் கரையில குப்பை மாதிரிக் குவிஞ்சு கிடந்தது. நானும் என்ர மச்சானும் பாத்துக்கொண்டு நிக்கிறம். வாகனம் வந்து நிண்டுது. இறங்கினவர் ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும், பேர் வேண்டாமெண்டபடியா விடுறன். தோளில கை போட்டார். கூட வந்த பெடியன் கமெராவை எடுத்தான். நான் வலையைத் தூக்கிப் பிடிச்சன். அவன் சொல்லுறான்: "அண்ணை, இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ, ஓட்டை வடிவாத் தெரியேல்லை."

பிடிச்சன். அதுதான் இப்பவும் குத்துது. பிடிச்சனான்.

பின்னேரம் பேஸ்புக்கில படம் வந்தது. அதில என்ர முகமில்லை, இரண்டு கை மட்டும்.


ஓய்வு வாத்தியார் நல்லூர்:

மயிலிட்டித் தம்பியின் துயரம் புரிகிறது. ஆனால் இந்தத் திரியில் எல்லோரும் ஏதோ 2024இல்தான் சனத்துக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது போல எழுதுகிறீர்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள்.

1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததே நம்பிக்கை இழந்த கதையால்தான். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன காலம் அது. தமிழ்க் காங்கிரசை விட்டு வெளியேறியவர்கள் தொடங்கிய கட்சி இது. ஆனால் 1952இல் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகமே காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் நடேசனிடம் தோற்றார். அதே சனம் 1956இல் தூக்கி வைத்தது. 1970இல் என்ன நடந்தது? வட்டுக்கோட்டையில் தமிழரசின் அமிர்தலிங்கம் தோல்வி, நல்லூரில் நாகநாதன் தோல்வி. அதே தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் பொன்னம்பலமும் தோல்வி. அதாவது ஒரே நாளில் இரண்டு கட்சியின் பெருந்தலைகளையும் சனம் வீட்டுக்கு அனுப்பியது. 1977இல் திரும்பவும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனம். ஆகவே இது புதினமில்லை.

தம்பிக்கு ஒரு ஆலோசனை. வலை சேதமானால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு பதிய வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கடற்றொழில் திணைக்களத்துக்கு ஒரு கடிதம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு பிரதி, பிரதேச செயலாளருக்கு ஒரு பிரதி. எல்லாம் பதிவுத் தபாலில். தபால் துண்டைப் பொலித்தீன் பையில் போட்டுச் சுவாமி அறையில் வையுங்கள், கறையான் அரிக்காது. வலை வாங்கிய பற்றுச்சீட்டையும் போட்டோக் கொப்பி எடுத்து வைக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தாளில் மை சீக்கிரம் அழிந்துவிடும். அரசியல்வாதியிடம் வாயால் சொல்வது காற்றில் எழுதுவது. எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

என் அனுபவம் என்றால்: வாசிகசாலையில் ஒரு தேர்தல் கூட்டம். நான் கேள்வி கேட்க எழுந்தேன். மைக்கை நிறுத்திவிட்டார்கள்.


மயிலிட்டிக் கரை:

சேர், முறைப்பாடு மூண்டு தரம் குடுத்தனான். மூண்டு துண்டும் இருக்கு. துண்டை வைச்சு மீன் பிடிக்கேலாது. மைக்கை நிப்பாட்டினவனில பெரிய பிழை இருக்கிற மாதிரித் தெரியேல்லை.


வீட்டுப்பிள்ளை:

இஞ்ச எல்லாரும் ஒரு பக்கமாவே கதைக்கிறியள். நான் கட்சிக்கு வேலை செய்தனான், ஒளிக்க ஒண்டுமில்லை.

முதல் போட்ட கணக்கே பிழை. 2015இலயும் 2020இலயும் வீட்டுச் சின்னத்தில கேட்டது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு. ரெலோ, புளொட் கட்சியள் எல்லாம் அதுக்குள்ள. 2023 தொடக்கத்தில பிரிஞ்ச பிறகு தமிழரசு தனிய நிக்குது, மற்றவை சங்குச் சின்னத்துக்குப் போயிட்டினம். அப்ப 207 ஆயிரத்தையும் 63 ஆயிரத்தையும் பக்கத்தில பக்கத்தில வைக்கலாமோ? அதோட, ஒண்டும் செய்யேல்லை எண்டுறது பொய். இழுவைமடியைத் தடை செய்யத் தனிநபர் பிரேரணை கொண்டு வந்தது எங்கட கட்சிச் சுமந்திரன். 2017 ஜூலையில அது சட்டமாகினது. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில யாழ்ப்பாணத்தில திரும்ப ஆர் முன்னுக்கு வந்தது? ஆறு மாசத்தில சனத்துக்குத் தெரிஞ்சிட்டுது.

ஆனா ஒண்டு சொல்லுறன். நான் வீடு வீடாப் போனனான். மானிப்பாய்ப் பக்கம் ஒரு அம்மா, எங்களுக்கு வழமையாப் போடுற வீடு. வெயிலுக்க வந்தனீ எண்டு கதிரை போட்டு, தேத்தண்ணி ஊத்தி, பனங்கட்டியும் வைச்சுத் தந்தா. நான் குடிச்சு முடியும்வரை ஒண்டும் கதைக்கேல்லை. எழும்பி நோட்டீசை நீட்டினன். வாங்கேல்லை. "தம்பி, தேத்தண்ணி உனக்குத் தந்தது" எண்டா.

ஏசியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பன். அதுக்குப் பிறகு அந்த ஒழுங்கையில மிச்ச வீட்டுக்கு நான் போகேல்லை.


மயிலிட்டிக் கரை:

சட்டம் வந்தது சரி. றோலர் நிண்டதோ?


லண்டன் குளிர்:

இந்தச் சனத்துக்கு நன்றி இல்லை. இவ்வளவு தியாகத்துக்குப் பிறகு தெற்குக் கட்சிக்கு மூண்டு ஆசனம் குடுக்கிறதெண்டா இஞ்ச நாங்கள் தலை காட்டேலாமல் கிடக்கு.


கோண்டாவில் கிணத்தடி:

அண்ணை, உங்கட படலையில நடந்ததைச் சொல்லுங்கோ எண்டுதான் கேட்டனான். உங்கட படலை ஹரோவில எல்லே.


சுன்னாகம் போத்தில்:

கிணறுகளில கழிவு எண்ணெய் வந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2014, 2015. தாகத்துக்கு ரவுணில இருந்து தண்ணி கொண்டு வந்த நாங்கள். வட மாகாண சபையில கூட்டமைப்புக்கு 38இல 30 ஆசனம் குடுத்து ஒண்டரை வருசமும் ஆகேல்லை. அப்ப ஆரிட்டைப் போறது? எங்கட ஆக்களிட்டைத்தான்.

போத்திலில எங்கட கிணத்துத் தண்ணியை நிரப்பிக்கொண்டு ஒருத்தற்ற அலுவலகத்துக்குப் போனன். மூடியைத் திறந்து மணந்து பாத்தார். முகத்தைச் சுளிச்சார். நிபுணர் குழு வைக்கினம், பாப்பினம் எண்டு சொல்லிப் போத்திலை யன்னலில வைச்சார். அடுத்த வருசம் பிள்ளையின்ர பள்ளிக்கூட அலுவலா அதே அலுவலகத்துக்குப் போக வேண்டி வந்தது. போத்தில் அதே யன்னலில நிக்குது. தண்ணி கொஞ்சம் வத்தி, மேல எண்ணெய் வளையம் வளையமா. பக்கத்தில ஆரோ ஒரு பூஞ்சாடியும் வைச்சிருந்தினம்.

நான் பள்ளிக்கூட அலுவலைக் கதைச்சுப்போட்டு வந்திட்டன். போத்திலைக் கேட்டிருக்க வேணும்.


1999 குழந்தை:

நான் திசைகாட்டிக்குப் போட்டனான். என்ர தம்பி ஒரு சுயேச்சைக் குழுவின்ர ஊசிச் சின்னத்துக்குப் போட்டவன், ஒருத்தர் போனைத் தூக்கி லைவில கேள்வி கேட்டதால. அவனோட எனக்கு இப்பவும் சண்டை, அதை இஞ்ச கொண்டு வரேல்லை.

சனசமூக நிலையத்தில இளைஞர் சந்திப்பு எண்டு கூப்பிட்டவை. பதினைஞ்சு பேர் இருப்பம், அதில ஏழு பேர் பட்டம் முடிச்சுச் சும்மா இருக்கிறனாங்கள். நான் எழும்பி, வேலைக்கு உங்கட திட்டம் என்ன எண்டு கேட்டன். அவர் 1987 இலங்கை இந்திய ஒப்பந்தத்தில தொடங்கினார். 13ஆவது திருத்தம், காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம், வடக்குக் கிழக்கு இணைப்பு. 2009க்கு வரேக்க கரண்ட் போட்டுது. இருட்டில விடாமல் கதைச்சார். கரண்ட் வரேக்க நாங்கள் ஆறு பேர்தான் இருந்தம்.

அவர் சொன்னதில ஒண்டும் பொய்யில்லை. அதிகாரம் வேணும்தான், எனக்கு விளங்கும். ஆனா 2018 ஒக்டோபரில முடிஞ்ச மாகாண சபைக்கு இன்னும் தேர்தலே இல்லை. இருந்த அஞ்சு வருசத்தில அமைச்சர்மாருக்கு விசாரணை, முதலமைச்சருக்கு எதிரா அவையின்ர ஆக்களே நம்பிக்கையில்லாப் பிரேரணை. அதைப் பாத்து வளந்த ஆக்களிட்டை வந்து அதிகாரம் கேக்கேக்க, எடுத்தால் என்ன செய்வியள் எண்டும் ஒரு வரி சொல்ல வேண்டாமோ?

வீட்டுப்பிள்ளை அண்ணை, மே மாசக் கணக்கு வட்டாரக் கணக்கு. அதில என்ர மாமாவும் கேட்டவர், நான் மாமாவுக்குத்தான் போட்டனான்.


வீட்டுப்பிள்ளை:

மாமா எந்தச் சின்னம்?


1999 குழந்தை:

சொல்லமாட்டன்.


பரந்தன் மருமகள்:

கிளிநொச்சியும் யாழ் தேர்தல் மாவட்டம்தான், அதால எழுதுறன்.

என்ர மாமி, அவவின்ர கடைசி மகன், 2009. மிச்சம் சொல்லத் தேவையில்லை. 2015இல ஒருத்தர் வீட்டை வந்தவர். மாமி படத்தை எடுத்துக் குடுத்தா. அவர் அதைக் கையில வைச்சுக்கொண்டு அழுதவர். நான் பாத்தனான், உண்மையாத்தான் அழுதவர். 2017 பெப்ரவரியில கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில காணாமலாக்கப்பட்ட பிள்ளையளுக்காகத் தாய்மார் இருக்கத் தொடங்கின நாளில இருந்து மாமி போறவ. ஆரும் வந்து பந்தலுக்க இருந்திட்டுப் போனா, வீட்டை வந்து அதைச் சொல்லுவா. அந்தாள் வந்தவரோ எண்டு நான் கேட்கிறதில்லை.

போன தேர்தலுக்கு அவர் திரும்ப வந்தவர். அதே கதிரை. படம் சுவரில கொழுவியிருக்கு, மாலை போடேல்லை, மாமி போட விடமாட்டா. அவர் படத்தைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு கேட்டார்: "தம்பி இப்ப எங்க, கனடாவோ?"

மாமி ஓம் எண்டு சொல்லிப்போட்டா.


ஓய்வு வாத்தியார் நல்லூர்:

இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, பிள்ளை.


மத்திய கல்லூரி இராத்திரி:

வாக்கு எண்ணுற கடமையில இருந்தனான், யாழ் மத்திய கல்லூரியில. இது ஆற்ற வோட் எண்டு எனக்கும் தெரியாது, அதால எழுதலாம் எண்டு நினைக்கிறன்.

இந்த முறை வாக்குச்சீட்டு தெரியும்தானே. 23 கட்சி, 21 சுயேச்சை, ஆறு ஆசனத்துக்கு 396 பேர். மேசையில விரிச்சா விளிம்பு கீழ தொங்கும். நிராகரிச்சது மட்டும் 32 ஆயிரத்துக்கு மேல. தமிழ்க் காங்கிரசின்ர சைக்கிளுக்கு ஒரு ஆசனம் கிடைச்சது 27,986 வோட்டில, கணக்குப் பாருங்கோ. கனபேர் இரண்டு மூண்டு சின்னத்துக்குப் போட்டிருந்தினம், சிலர் ஒண்டும் போடாமல் மடிச்சுப் போட்டிருந்தினம். ஒருத்தர் எல்லாப் பெட்டியையும் குறுக்கால ஒரே கோடாக் கீறிவிட்டிருந்தார்.

என்ர கையில வந்த ஒண்டு. வீட்டுக்கு நேர புள்ளடி. அதைச் சுத்திச் சுத்தி அழிச்சிருக்கு, தாள் கிழியிற அளவுக்கு. பிறகு திசைகாட்டிக்கு ஒரு கோடு, ஒரு கோடுதான், மற்றக் கோடு போடேல்லை. பிறகு திரும்ப வீட்டடிக்கு வந்து, அழிச்ச இடத்துக்குப் பக்கத்தில, பெட்டிக்கு வெளியால, சின்னதா ஒரு புள்ளடி. கை நடுங்கின எழுத்து. வயசான ஆளாத்தான் இருக்க வேணும். அந்தத் தட்டிக்குப் பின்னால எவ்வளவு நேரம் நிண்டிருப்பார்?

பக்கத்தில இருந்தவர் "தம்பி, கெதியா" எண்டார். நிராகரிச்ச கட்டில வைச்சன்.


கோண்டாவில் கிணத்தடி:

எங்கட அப்பா போகேல்லை எண்டு சொன்னனான். இதை வாசிக்கேக்க போயிருந்தா இப்பிடித்தான் போட்டிருப்பார் போல கிடக்கு.


ஓய்வு வாத்தியார் நல்லூர்:

ஒரு விளக்கம். முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே ஒரு புள்ளடி, அதற்கு நேரே உள்ள வெற்றுக் கட்டத்துக்குள். அதன் பிறகே விருப்பு வாக்கு, கீழேயுள்ள இலக்கங்களில் ஆகக் கூடியது மூன்றுக்கு. பிழையாகப் போட்டால் அழிக்கக் கூடாது, வெட்டக் கூடாது. இதை ஒவ்வொரு வாசிகசாலையிலும் மாதிரிச் சீட்டு வைத்து முதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நான் பல வருடமாக


மயிலிட்டிக் கரை:

சேர். மைக்.