அதிகம் பெயர் தெரியாத ஸ்டார்ட்அப்பைப் பற்றித் தேடிப் பார்த்தவர்கள், என்ன நடந்தது என்று சொல்லுங்கள்

பீளமேட்டுக்காரன்:
மூன்று வருடம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. கோவைப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியைப் பற்றி இதழுக்கு எழுத வேண்டியிருந்தது. தோட்டத்து மோட்டாரைப் போனிலேயே ஓட்டி நிறுத்தும் பெட்டி செய்கிறார்கள். மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் தானாக நின்றுவிடும். கம்பெனி நடத்தும் பையனிடம் பேட்டி எடுத்தாயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று, கம்பெனிகளின் பதிவு விவரம் இருக்கும் மத்திய அரசின் எம்சிஏ தளத்தில் 100 ரூபாய் கட்டி ஆவணங்களை எடுத்துப் பார்த்தேன். பதிவு அலுவலகம் ஒரு வீட்டு முகவரி. நேரில் போனேன்.

கம்பெனிப் பெயர்ப் பலகை திண்ணைக்கு மேலே ஆணியில் தொங்கியது. அதன் கீழே கோலமாவு டப்பா. கதவைத் திறந்த அம்மா மோர் கொடுத்தார். பேச்சுவாக்கில் பெயர் கேட்டேன். சொன்னதும் தூக்கிவாரிப் போட்டது. என் பையிலிருந்த பேலன்ஸ் ஷீட்டில் இரண்டாவது இயக்குநர் அவர்தான். 'இயக்குநரிடம் பெற்ற கடன்' என்று இருந்த 18 லட்சமும் அவர் பெயரில்தான், வீட்டுக்காரர் மில்லிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணம்.

"இங்கெல்லாம் கையெழுத்துப் போடும்மான்னு பென்சில்ல புள்ளி வெச்சுக் குடுத்தானுங்க, போட்டுட்டேன். நல்லாருக்குன்னு எழுதுங்க தம்பி, ஆர்டர் வரட்டும்" என்றார்.

'சொந்தச் சேமிப்பில் தொடங்கிய நிறுவனம்' என்று எழுதினேன். யாருடைய சேமிப்பு என்று எழுதவில்லை. பொருள் நல்ல பொருள், பொய் எதுவும் எழுதவில்லைதான். ஆனாலும் அந்தப் பென்சில் புள்ளி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

வேளச்சேரி:
எனக்கு நேர் எதிராக நடந்தது. முதலீட்டாளர் ஒருவருக்காகச் சின்னக் கம்பெனிகளைப் பற்றி அறிக்கை தயாரிக்கிற வேலை. ஒரு மென்பொருள் கம்பெனி '12 கோடி திரட்டினோம்' என்று சொல்லியிருந்தது. பங்கு ஒதுக்கியதும் கம்பெனி அரசிடம் தாக்கல் செய்கிற பாஸ்-3 படிவத்தை எடுத்து, ஒதுக்கிய பங்குகளை விலையோடு பெருக்கினால் 3 கோடிதான் வந்தது. நிறுவனரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பின்னால் யாரோ டீ டம்ளர் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. "மீதி தவணையாக வரும் சார்" என்றார். நான் நம்பவில்லை. 'சொன்ன தொகைக்கு ஆதாரம் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், முதலீட்டாளர் பின்வாங்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்து அடுத்த பாஸ்-3 ஏறியது. மீதி 9 கோடி.

அந்த மௌனத்தைப் பொய் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சங்கடப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆடிட்டர் ஆபீஸ்:
இரண்டு பேருக்கும் சொல்கிறேன். எங்கள் ஆபீஸிலேயே வருடத்துக்குப் பத்து அம்மாக்களாவது, மனைவிகளாவது இப்படிக் கையெழுத்துப் போட வருகிறார்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் இரண்டு இயக்குநர் வேண்டும், வேறு ஆள் கிடைக்காது. ஒரு பாட்டி "இது ரேஷனுக்கா?" என்றே கேட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் பீளமேட்டுக்காரர் அதை எழுதியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பெயர் போட வேண்டாம், 'குடும்பத்தின் ஓய்வுப் பணம்' என்று ஒரு வரி போதும். அடுத்து பணம் போடுகிறவனுக்கு அது தெரிய வேண்டாமா?

இனி தேடுகிறவர்களுக்கு: எம்சிஏ தளத்தில் அடிப்படை விவரம் பார்க்கக் காசு கிடையாது. கம்பெனி எண்ணில் எழுத்தும் இலக்கமும் சேர்த்து 21, முதல் எழுத்து யு என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதது, நடுவில் வரும் நான்கு இலக்கம் பதிவான வருடம். '2012 முதல்' என்று இணையதளத்தில் போட்டுவிட்டு எண்ணில் 2019 இருந்தால் கேளுங்கள்; முன்பு கூட்டாண்மையாக இருந்திருக்கலாம். அடமானப் பட்டியலைப் பாருங்கள், வங்கிக் கடன் தெரியும். மத்திய அரசு தரும் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் பொருளின் தரத்துக்கான சான்றிதழ் இல்லை. காப்புரிமை விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்துதான் வெளியாகும், அதனால் தேடிக் கிடைக்கவில்லை என்றால் உடனே பொய் என்று முடிவு கட்டாதீர்கள். வேளச்சேரிக்காரர் அவசரப்பட்டதும் இதே மாதிரிதான். பங்கு ஒதுக்கிய பிறகுதான் பாஸ்-3 வரும், ஒப்பந்தம் போட்டதும் வராது.

முக்கியமான ஒன்று. மூன்று வருடம் தொடர்ந்து கணக்கு தாக்கல் செய்யாவிட்டால் கம்பெனிச் சட்டம் 164(2) பிரிவில் இயக்குநர்கள் ஐந்து வருடம் தகுதி இழப்பார்கள், பென்சில் புள்ளியில் கையெழுத்துப் போட்டவரும் சேர்த்துத்தான். 2017-ல் மூன்று லட்சம் பேருக்கு மேல் அப்படிப் பட்டியலில் வந்தார்கள்.

திருநெல்வேலி அண்ணன்:
எழுதுகிறவன் இல்லை நான். தம்பிக்கு வேலை கிடைத்தது, '60 பேர் கொண்ட குழு' என்று போட்டிருந்தார்கள். ஆஃபர் லெட்டரை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார், மேலே ஒரு செவ்வந்திப்பூ. ராத்திரி பிஎஃப் தளத்தில் நிறுவனத்தைத் தேடிப் பார்த்தேன். மாதாமாதம் எத்தனை பேருக்குப் பணம் கட்டுகிறார்கள் என்று அதில் வரும். 41, அப்புறம் 23, கடைசி மாதம் 9. காலையில் தம்பியிடம் போனை நீட்டினேன். ஒன்றும் பேசாமல் பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு லெட்டரை மடித்தான். வேலைக்குப் போகவில்லை.

மற்றவர்களை ஒப்பந்தத்தில் வைத்திருந்தால் அவர்கள் அந்தக் கணக்கில் வராமல் போயிருக்கலாமே என்று அப்புறம்தான் தோன்றியது. நேரில் போய் ஒரு தடவை பார்த்திருக்கலாம். தம்பி இன்னும் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பீளமேட்டுக்காரன்:
ஆடிட்டர் ஐயா எழுதியதைப் படித்ததும் எம்சிஏ தளத்தைத் திறந்தேன். கம்பெனி 'ஆக்டிவ்' என்றுதான் காட்டுகிறது. ஆனால் இரண்டு வருடக் கணக்கு தாக்கல் ஆகாமல் விட்டுப்போயிருக்கிறது, மூன்றாவதற்கு அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. இயக்குநர் பட்டியலில் பையன் பெயருக்குக் கீழே அம்மா பெயர் அப்படியே இருக்கிறது.

பையனின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. சாயங்காலம் கூப்பிடுகிறேன்.